உப்பு அறையில் கிடந்த மிளகு

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருத்தியின் மகள். தேனியில் ஓர் அழகு நிலையத்தின் மாடியில், மூச்சுக்கும் தோலுக்கும் நல்லது என்று புதிதாக உப்பு அறை திறந்திருக்கிறார்கள், அதில் அவளுக்கு வேலை.

"பெரியம்மா, உப்பு மிஷின எவ்வளவு நேரம் ஓட விடணும்? இங்கன யாருக்கும் ஒன்னும் தெரியல. உங்களக் கேட்டாத்தான் உண்டு" என்றாள்.

"வர்றவுக ஆஸ்துமா பஃப் கொண்டு வர்றாகளா?" என்று கேட்டேன்.

"பஃப்பா? மருந்தில்லா வைத்தியம்னு வாசல்லயே போர்டு வச்சிருக்காக பெரியம்மா. பஃப் வேணாம்னுதான எல்லாரும் இங்கன வர்றாக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மொதல்ல அந்தப் போர்டக் கழட்டச் சொல்லு. மிஷின் கதைய அப்புறம் பேசலாம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் ஒன்றும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லத் தொடங்கினேன், பாதியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டாள். எழுதி அனுப்புங்கள், கூட இருக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பிறகு செய்தி அனுப்பினாள். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் நர்சிங் படித்தேன். அரசு ஆஸ்பத்திரிகளில், பெரும்பாலும் நெஞ்சு நோய் வார்டில், வேலை பார்த்தேன். இருமுகிற சத்தத்தைக் கேட்டே எந்தக் கட்டில் என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து, டிவி பார்த்து, மருமகளோடு ரெண்டு முறை சண்டையும் போட்டு முடித்த நேரத்தில், தேனியில் தனியாக கிளினிக் வைத்திருந்த நெஞ்சு நோய் டாக்டர் ஆள் அனுப்பினார். உப்பு அறை கட்டுகிறேன், பார்த்துக்கொள்ள ஒரு கெட்டிக்கார நர்ஸ் வேண்டும் என்றார். போனேன்.

டாக்டர் சுருளிப்பட்டிக்காரர். விவசாயக் குடும்பம். பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற மனிதர். அந்தப் பதிலும் முகத்தைப் பார்த்து வராது, எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே வரும். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்படி சும்மா இருப்பார். அவருக்கு உப்பு அறையில் பெரிய நம்பிக்கை கிடையாது. பின்னே ஏன் கட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஜனங்க கொச்சி வரைக்கும் போய் உப்பு ரூம்ல உக்காந்துட்டு வர்றாக சிஸ்டர். போற இடத்துல பஃப்ப விட்டுட்டு வந்துர்றாக. இங்கன வச்சா என் கண்ணு முன்னாடி உக்காருவாக" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

அறை பெரியதல்ல. சுவரில் இந்துப்புக் கட்டிகளை அடுக்கி உள்ளே விளக்கு வைத்திருந்தார்கள். தரையில் கால் புதைகிற அளவுக்குக் கல்லுப்பு. சாய்வு நாற்காலிகள். முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் "அடேயப்பா" என்று வாயைப் பிளப்பார்கள். டாக்டர் முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார், சுவரும் தரையும் கண்ணுக்கு அழகு, வேலை செய்வது மிஷின் மட்டும்தான் என்று.

அந்த மிஷின் சுவருக்கு வெளியே இருந்தது. அதில் சமையல் உப்பைப் போடக் கூடாது. அயோடின், கட்டிபிடிக்காமல் இருக்கக் கலக்கிற பொடி எதுவுமில்லாத, மருந்துத் தரத்துச் சுத்தமான உப்பு தனியாக வரும். மிஷின் அதைத் துகளிலும் துகளாக அரைத்துக் குழாய் வழியே காற்றோடு உள்ளே ஊதும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. எவ்வளவு நேரம் ஓட விடுவது என்று சங்கீதா குழம்பியது இதனால்தான். சற்று நேரம் கழித்து உதட்டை நக்கினால் கரிக்கும், அதுதான் அடையாளம். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். அறையில் ஈரம் ஏறக் கூடாது. ஐப்பசி மழையில் உப்பு களியாகி அரைக்கிற கத்தியில் அப்பிக்கொள்ளும். கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

யாரை உள்ளே விடக் கூடாது என்பதுதான் முக்கியம். காய்ச்சல் இருந்தால், சளியில் ரத்தம் வந்தால், காசநோய் சந்தேகம் இருந்தால், பிரஷர் அடங்காமல் இருந்தால் கூடாது. அன்றைக்கு இழுப்பு இருந்தால் கூடவே கூடாது. படை, கரப்பான் என்று தோலுக்காக வருகிறவர்கள் சொறிந்து புண்ணாக்கியிருந்தால் அந்த இடத்தை மூடித்தான் அனுப்புவேன். இல்லையென்றால் எரிகிற எரிச்சலில் எழுந்து ஓடுவார்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். சிலருக்குச் சளி இளகியது, அரிப்பு தணிந்தது. சிலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை, நன்றாகத் தூங்கி எழுந்து போனார்கள். நோய் தீரும் என்று டாக்டர் ஒருவரிடமும் சொன்னதில்லை. "இது தொடுகறிம்மா. சோறு உங்க பஃப்புதான்" என்பார். அன்றாடம் நோயாளிகளிடம் அவர் பேசுகிற நீளமான பேச்சு அதுதான்.

அதனால்தான் வாசலில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆஸ்துமாக்காரர்கள் தினமும் இழுக்க வேண்டிய ஆரஞ்சு பஃப்பைக் கையோடு கொண்டுவர வேண்டும். அதன் முதுகில் சின்ன ஜன்னல் உண்டு, இன்னும் எத்தனை முறை மருந்து வரும் என்ற எண் அதில் தெரியும். டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எண் ஒழுங்காக இறங்கியிருந்தால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். இறங்காமல் அப்படியே நின்றிருந்தால் கையில் வைத்துக்கொள்வார். ஆள் உள்ளே போக முடியாது.

கம்பத்திலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வருவார். குமுளியிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்ததால் பேச்சில் மலையாளம் எட்டிப் பார்க்கும். "எந்தா சாரே, பணத்தக் கட்டிட்டேன், உள்ள விட மாட்டேங்கிறீக?" என்று சத்தம் போட்டார். டாக்டர் ரிசப்ஷன் பக்கம் கையைக் காட்டி, "பணத்த வாங்கிட்டுப் போங்க" என்றார். மறுவாரம் வியாபாரி எண் இறங்கிய பஃப்போடு வந்து, பரீட்சையில் பாஸான மாதிரி என்னிடம் காட்டிவிட்டு உள்ளே போனார். போடியில் இலவம்பஞ்சு பேட்டையில் வேலை பார்த்த இன்னொருவர் யாரும் பார்க்காத நேரத்தில் சுவரை நக்கிப் பார்ப்பார். கண்ணாடி ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். எத்தனையோ பேர் நக்கிய சுவர் அண்ணே என்று ஒருநாள் சொன்னேன். அதோடு விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் தரை உப்பைச் சலிக்கும்போது சல்லடையில் மிளகு நின்றது. கம்பம் பக்கத்துக்காரர் யார் பையிலும் மிளகு இருக்கும், சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் கிடந்தது. அதே மூலையில், சுவரை ஒட்டி. அப்போதுதான் உறைத்தது. மரு வந்தால், தோலில் எது வந்தாலும், உப்பும் மிளகும் கோயிலில் போடுவதாக வேண்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் மாரியம்மனுக்குப் போடுவோம், வேதக்காரர்கள் அந்தோணியாருக்குப் போடுவார்கள். இங்கே உப்பு ஏற்கனவே கிடக்கிறது, மிளகை மட்டும் யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரிடம் காட்டினேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

"போடுறவுக போட்டுட்டுப் போகட்டும். மிஷினுக்குள்ள போகாமப் பாத்துக்கங்க" என்றார்.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு நிஜமான கவலை ஒன்று இருந்தது. அது ஜெனிட்டா.

ஜெனிட்டா ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. கம்பத்துக்குப் பக்கத்தில் வேதக்காரக் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஒரு ஊர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பிள்ளைக்கு ஆஸ்துமா. முழங்கை மடிப்பிலும் கால் மடிப்பிலும் கரப்பான், தோல் தடித்துக் கறுத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகள் யோசிக்கிறார்களாம். அம்மா ரெஜினா வாரத்துக்கு ரெண்டு தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவாள். அடக்கமானவள், ஒரு நாள் தவறியது கிடையாது. பஃப்பை அவளே பையிலிருந்து எடுத்து நீட்டுவாள். எண் எப்போதும் சரியாக இறங்கியிருக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, பிசகே கிடையாது. "அந்தம்மாவப் பாத்துப் படிங்க" என்று டாக்டர் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் வாயால் அப்படி ஒரு பாராட்டு வருவது லேசல்ல.

ஆனால் பிள்ளையின் மூச்சு இறங்கிக்கொண்டே வந்தது. மூச்சின் வேகம் பார்க்கிற குழாயில் ஊதச் சொன்னால், முள் ஒவ்வொரு வாரமும் முன்னை விடக் கீழேதான் நின்றது. டாக்டர் தோட்டத்தில் தூவுகிற கந்தகத்தைப் பற்றிக் கேட்டார். நாய் உண்டா, பஞ்சு மெத்தையா, அடுப்புப் புகையா என்று கேட்டார். ரெஜினா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். "மருந்து ஒழுங்காப் போகுது, மூச்சு ஏன் இப்படி இருக்கு" என்று டாக்டர் தனக்குத்தானே பேசிக்கொண்டார். மருந்தின் அளவைக் கூட்டி, மாத்திரையும் சேர்க்கலாம் என்று முடிவு செய்திருந்தார்.

சித்திரை பிறந்த கையோடு ஒருநாள், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பிள்ளையை உள்ளே விட்டேன். பாதி நேரம் ஆகியிருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பிள்ளையின் தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குகிறது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள்.

மிஷினை நிறுத்தினேன், காற்றை வெளியே தள்ளுகிற ஃபேனைப் போட்டேன், உள்ளே ஓடித் தூக்கிக்கொண்டு வந்தேன். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்தேன். தொண்டைக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போயிற்று. உதடு வெளுத்திருந்தது. "நீலப் பஃப்ப எடும்மா" என்று ரெஜினாவைப் பார்த்துக் கத்தினேன். இழுப்பு வந்தால் உடனே அடிப்பது அதைத்தான். அவள் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடுதான் அசைந்தது, கை அசையவில்லை. ஜெபம் சொல்கிறாள் என்று தெரிந்தது. எனக்குக் காத்திருக்க நேரமில்லை. எங்களுடையதை எடுத்து ஸ்பேசர் குடுவையில் மாட்டி, முகத்தோடு சேர்த்துப் பிடித்தேன். ஒரு அழுத்து, நிதானமாகச் சில மூச்சு. மறுபடி ஒரு அழுத்து. டாக்டர் வந்துவிட்டார். ஆக்சிஜன் வைத்தோம், மருந்தைப் புகையாக்கித் தருகிற நெபுலைசரை மாட்டினோம். டாக்டர் பிள்ளையின் முதுகில் கையை வைத்தபடியே நின்றார்.

மெல்ல மெல்லத் தோள் இறங்கியது. இழுப்பு விட்டதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு, பேச்சுக் கொடுப்பேன். நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் வந்துவிட்டால் பயமில்லை. "ஆத்தா, ஸ்கூல் பேரச் சொல்லு பாப்போம்" என்றேன். தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்:

"சிஸ்டர், நான் இன்னிக்கு மிளகு போடல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உப்பு அறையின் மூலையைப் பார்த்தேன். டாக்டர் திரும்பி ரெஜினாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்தோணியாருக்கு நேர்ச்சையாம்மா?"

ரெஜினா தலையைக் குனிந்தாள். டாக்டர் அவள் பையிலிருந்து ஆரஞ்சு பஃப்பை வாங்கி ஜன்னலைப் பார்த்தார். எண் வழக்கம்போல் சரியாக இருந்தது.

"இது யாருக்குப் போச்சு?"

"காத்துல டாக்டர்" என்றாள். அழவில்லை. "காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு, கொல்லையில நின்னு அடிச்சு விட்ருவேன். நம்பர் பாத்தாத்தான நீங்க உள்ள விடுவீக."

அந்த நிமிடம் அவளை ஓர் அறை அறையலாம் போல எனக்குக் கை துடித்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நோயாளியின் வீட்டாருக்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீக?"

"போன வருசமும் அந்தோணியாருக்கு வேண்டுனேன் டாக்டர். மருந்தயும் குடுத்துக்கிட்டு வேண்டுனேன். கேக்கல. ஒரு கைல மருந்து, ஒரு கைல ஜெபமாலைன்னு நின்னா எப்படிக் கேப்பாக? நம்பலைன்னுதான நெனப்பாக? அதான் இந்த வருசம், திருவிழா வரைக்கும் பிள்ளைக்கு மருந்து குடுக்க மாட்டேன், உப்பும் மிளகும் போடுறேன்னு வாக்குக் குடுத்தேன். மறுவாரமே, தேனியில உப்பாலேயே ஒரு வீடு கட்டிருக்காகன்னு பஸ்ல ஒருத்தி சொன்னா. நான் கேட்டனா? அவளாச் சொன்னா. இது அவுக காட்டுன வழி இல்லாம வேற என்ன?"

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"சரி, அவுகதான் காட்டுனாகன்னே வச்சுக்குவோம்" என்றார். "உப்பு வீட்டக் காட்டுனவுக, அந்த வீட்டு வாசல்ல பஃப்ப நீட்டுன்னு கேட்டுக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான்ல, அவனயும் சேத்துத்தான காட்டிருப்பாக? உப்ப மட்டும் எடுத்துக்கிட்டு என்னய விட்டுட்டீகளேம்மா."

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவே அவள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"வாக்குக் குடுத்துட்டனே டாக்டர். இப்பத் தப்புனா, எம்பிள்ளைக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

கண் முன்னால் அவ்வளவு ஆன பிறகும் அவள் பயந்தது அதற்குத்தான். அறைய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேயே போய்விட்டது. மருந்தை எடுக்காமல் அவள் கை நின்றதும் அந்தப் பயத்தில்தான்.

டாக்டர் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எங்கம்மாவும் எனக்கு உப்பும் மிளகும் போட்டாக. கையெல்லாம் மரு. போட்ட கையோட பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போனாக. எது கேட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். "நீங்க வாக்குத் தப்பல. நான்தான் தப்ப வைக்கிறேன். சுருளிப்பட்டிக்காரன் ஒருத்தன், பிடிவாதக்காரன், சொல்லச் சொல்லக் கேக்காமப் பிள்ளைக்கு மருந்தக் குடுத்துட்டான்னு அவுகட்ட என் பேரச் சொல்லுங்க. வர்றது என் தலைல வரட்டும்."

பழைய பஃப்பை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுப் புதிது ஒன்றை உடைத்து என்னிடம் கொடுத்தார். நான் பிள்ளையிடம் போனபோது ரெஜினா என் கையைப் பிடித்தாள். வாங்கி அவளே குடுவையில் மாட்டினாள். சரியாகப் பிடித்தாள், சரியாக அழுத்தினாள். பிள்ளை இழுத்து, மூச்சை அடக்கி, விட்டாள்.

"மிளகு?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"போய்ப் போட்டுட்டு வா. மிஷின் நின்னுருச்சு" என்றார் டாக்டர். நான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். பாவாடை முடிச்சிலிருந்து மிளகை எடுத்து மூலையில் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் சல்லடையை எடுத்தபோது டாக்டர் சொன்னார்: "அந்த மூலைய மட்டும் சலிக்க வேணாம் சிஸ்டர்."

அதற்குப் பிறகு வாசலில் எண்ணைப் பார்ப்பதோடு நாங்கள் நிற்கவில்லை. எங்கள் முன்னால் பஃப் இழுக்க வேண்டும், குழாயில் ஊதவும் வேண்டும். ஏலக்காய் வியாபாரி முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும். சங்கீதா, உன் போர்டைப் பற்றி நான் ஏன் கத்தினேன் என்று இப்போது தெரிந்திருக்கும். உங்கள் மாடிக்கும் ஒரு ரெஜினா ஏறி வருவாள். மருந்தில்லா வைத்தியம் என்று எழுதி வைத்தால், அவள் காற்றில்கூட அடிக்க மாட்டாள்.

ஆனி மாதம், அவர்கள் ஊரில் அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின நாள், ரெஜினா பிள்ளையோடு வந்தாள். இன்றைக்கு உங்கள் நாள் இல்லையே என்றேன். டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைப் பிரித்தாள். உப்புப் பொட்டலம், மிளகுப் பொட்டலம், கூடவே டாக்டர் அன்றைக்கு உடைத்துக் கொடுத்த ஆரஞ்சு பஃப்.

"நாளைக்கு இதயும் சேத்துக் கோயில்ல வைக்கப் போறேன் டாக்டர். உங்க பேரச் சொல்லித்தான் வைப்பேன். அதுக்கு முன்னாடி நீங்க பாத்துருங்க" என்றாள்.

டாக்டர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஜன்னலில் சைபர். ஊதுகுழாயை எடுத்து ஜெனிட்டாவிடம் நீட்டினார். பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதினாள். முள் மேலே போய் நின்ற இடத்தை அவர் இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது வாங்கியாச்சா?" என்று கேட்டார்.

ரெஜினா பையின் அடியிலிருந்து புதுப் பஃப்பை எடுத்து நீட்டினாள். அன்று காலையிலேயே அதில் ஒன்று போயிருந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.